தட்டு இருக்கிறது, பாட்டு இருக்கிறதா? இசையையும் படத்தையும் பொருளாகச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாத்தா விட்டுச்சென்ற 78 சுழற்சி இசைத்தட்டுகள் இரண்டின் மேல் படிந்திருந்த அழுக்கை, கேசட் பிளேயரின் ஹெட்டைத் துடைப்பதற்கென வைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, மிகுந்த அக்கறையோடு ஒரு முறை துடைத்தேன். பஞ்சு கறுத்தது; அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்து மேலும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கு அன்று, தட்டேதான். எல்பி எனப்படும் வினைல் நெடுந்தட்டுகளுக்கு முந்தைய அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர்கள் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறார்கள் என்பதை நான் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன் என்றாலும், அந்த நேரத்தில் இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. அவற்றை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் துடைத்து, உடனே உலர்த்தியிருந்தால் போதுமானது.

பதிவிறக்கத்தையும் ஓடிடியையும் நம்பாமல் தட்டுகளை வாங்கிச் சேர்ப்பவர்களின் அச்சம் நியாயமானதே. 2009-இல் அமேசான், விற்பனை உரிமையில் ஏற்பட்ட சிக்கலைக் காட்டி, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே சில புத்தகங்களை அழித்தது. அல்ட்ராவயலெட் என்ற பெயரில் ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய திரைப்பட இணையப் பெட்டகம் 2019 ஜூலையுடன் மூடப்பட்டது. திரையில் ‘வாங்கு’ என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. ஆனால் இந்த நியாயம் ஒரு மெத்தனத்தையும் கூடவே கொண்டுவருகிறது. தட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் பாட்டு பத்திரமாகிவிட்டது என்று எண்ணுவதிலிருந்தே மற்றத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

குறுந்தட்டின் பளபளக்கும் பக்கத்தைக் கண்போலக் காத்து, படம் அச்சிட்ட பக்கத்தை மேசைமேல் தேய்ப்பவர்கள் பலர். உண்மையில் ஆபத்து மறுபக்கத்தில்தான் இருக்கிறது. சிடியின் 1.2 மில்லிமீட்டர் பருமனில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே. ஒலியைத் தாங்கும் அலுமினியப் படலம் அதற்கு மேலே, லேபிளுக்கு அடியில், மெல்லிய வார்னிஷ் பூச்சை மட்டுமே காவலாகக் கொண்டு இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலைப் பல நேரங்களில் மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் படலமே பெயர்ந்து, அந்த இடத்திலிருந்த பாட்டு போய்விடும். துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்கக்கூடாது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தரவுகள் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், அதே திசையில் விழும் கீறல் அடுத்தடுத்த தரவுகளை ஒரேயடியாக மறைக்கிறது. குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தும் முறை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவில் தரவு இருப்பதால், பெட்டியின் குமிழிலிருந்து வளைத்துப் பிடுங்குவதே அதற்குச் செய்யும் பெரிய கேடு. ப்ளூரேயில் தரவு கீழ்ப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. கடினப் பூச்சு இருக்கிறதே என்று அதை அலட்சியமாகக் கையாளக்கூடாது.

தொடாமல் வைத்திருந்தாலும் தட்டு கெடலாம். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரிலிருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான குறுந்தட்டுகள் பல, உறைக் காகிதத்திலிருந்த கந்தகத்தை வார்னிஷ் பூச்சு தடுக்காததால், விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போயின. எனவே வாங்கி வைத்ததைத் திறந்து பார்க்காமலே இருப்பது சேமிப்பு ஆகாது.

நம் வீடுகளில் இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. கல்யாண வீடியோ, காதுகுத்து, மறைந்தவர்களின் குரல் ஆகியவை பெரும்பாலும் ஸ்டுடியோக்காரர் எழுதிக்கொடுத்த டிவிடியில்தான் இருக்கும். கடையில் விற்கும் திரைப்பட டிவிடி ஆலையில் அச்சில் வார்த்த குழிகளைக் கொண்டது. வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதும் தட்டு, லேசர் சூட்டில் நிறம் மாறும் சாயப் படலத்தைக் கொண்டது. வெளிச்சமும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுத்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் ஆயுளும் ஒன்றே என்று நம்பி, மறுபடி எங்கும் கிடைக்காத பதிவைச் சாயத் தட்டில் விட்டுவைக்கிறோம். முதலில் படியெடுக்க வேண்டியது இவற்றைத்தான், திரைப்படங்களை அன்று. அந்தத் தட்டுகளின் மேல் ஒட்டும் காகித லேபிளையும் தவிர்க்க வேண்டும். சுழலும்போது சமநிலை குலையும், எழுதிய சிடியாக இருந்தால் பிய்க்கும்போது படலமும் சேர்ந்து வரும்.

வாங்கும் இடத்தில் நேரும் பிழைகளும் உண்டு. ‘ஒரே டிவிடியில் மூன்று படங்கள்’ என்பது லாபமாகத் தோன்றும். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி, இரண்டரை மணி நேரப் படம் ஒன்று மட்டும் இருந்தால் படத்துக்கு நொடிக்குச் சுமார் 7.5 மெகாபிட் தரவு கிடைக்கும், மூன்றைத் திணித்தால் 2.5 மெகாபிட்தான். மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் கட்டம் கட்டமாக உடைவதற்குக் காரணம் இதுவே. நூறு பாடல்கள் அடங்கிய எம்பி3 சிடியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: கையில் பிடிக்கக்கூடியதாக இருந்தாலும் உள்ளே இருப்பது, நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சுருக்கப்பட்ட கோப்பு. சிங்கப்பூரிலிருந்து உறவினர் அனுப்பும் ப்ளூரேயில், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டலக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். அங்கே ஏ மண்டலம், இந்தியாவில் சி. பொதுக் குறியீட்டுடன் வரும் தட்டுகள் நிறைய இருந்தாலும், அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. 4கே ப்ளூரேக்கு இந்தத் தொல்லை இல்லை. மறுபதிப்புகளைப் பொறுத்தவரை, ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லுக்காக மட்டும் பழைய சிடியைக் கழித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. மெல்லிய ஓசையையும் உரத்த ஓசையையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கி நிறுத்திய புதிய பதிப்புகளை நான் போதுமான அளவு கேட்டிருக்கிறேன்.

எல்பிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ஏமாறுவது சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்களிடம். நல்ல டர்ன்டேபிளின் ஊசி 2 கிராம் அளவில் அழுத்துகையில், இவற்றில் பல 5 கிராமுக்கு மேல் அழுத்தித் தட்டின் பள்ளத்தை விரைவில் தேய்க்கின்றன. அரக்குத் தட்டை எல்பி ஊசியால் இசைப்பதும் தவறு. அதன் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது என்பதால் நுண்ணிய ஊசி அடியில் கிடக்கும் தூசியைத்தான் உரசிக்கொண்டு ஓடும். எல்பியை நெட்டாக நிறுத்தி வைக்க வேண்டும், அடுக்கக்கூடாது என்பது பலருக்குத் தெரிந்ததே. பிவிசி உறைக்குள் நெடுநாள் இருந்தால் தட்டின் மேல் பனிபோல் மங்கல் படியும் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை.

கேசட்டுக்குப் பகை ஈரம். சென்னை போன்ற கடலோர ஊரில், கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை தெரியும். ‘ஒரு முறை ஓட்டினால் போய்விடும்’ என்று அதை இயக்குபவர், பூஞ்சையை ஹெட்டுக்கும், அங்கிருந்து அடுத்து ஓடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரப்புகிறார். நீளமான நாடாவில் நிறையப் பாடல்களைப் பதியலாம் என்று ரெக்கார்டிங் சென்டரில் 120 நிமிடம் ஓடும் சி-120 கேசட்டைக் கேட்டு வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்த நாடா மிக மெல்லியது, எளிதில் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும்.

தட்டுகளை மட்டும் சேர்த்து, இசைக்கும் கருவியை மறப்பது என் பார்வையில் மிகப் பெரிய பிழை. வீடியோ கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியைத் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திக்கொண்டது. ஓப்போவும் அதன்பின் சாம்சங்கும் ப்ளூரே பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகின. இருக்கும் கருவியைப் பரணில் ஏற்றாமல் மாதம் ஒரு முறையாவது ஓட்டுவதும், பெல்ட் மாற்றத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பதும், பழுதாவதற்கு முன்பே இரண்டாவது கருவி ஒன்றை வாங்கிவைப்பதும் இன்னொரு பத்துத் தட்டுகளை வாங்குவதைவிட அவசியமானவை.

கடைசியாக, டிஜிட்டல் என்றாலே பகை என்று கருதிப் படியெடுக்க மறுப்பவர்களைப் பற்றி. நாம் அஞ்ச வேண்டியது, விற்றவர் அனுமதித்தால்தான் திறக்கும்படி கோப்பில் போடப்படும் பூட்டுக்கு, கோப்புக்கு அன்று. பூட்டில்லாத கோப்பாக விற்கப்படும் பாடலை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தால், அது தட்டுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. சொந்தமாக வாங்கிய சிடியை எம்பி3 ஆக்காமல், ஒலி இழப்பில்லாத ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றுக்கு 300 முதல் 400 எம்பி வரை ஆகும். 300 குறுந்தட்டுகள் ஒரு 128 ஜிபி பென்டிரைவில் அடங்கும். அதையும் ஒரே பென்டிரைவில் விட்டுவிடாமல் ஹார்ட்டிஸ்க் ஒன்றிலும் வைத்து, அந்த ஹார்ட்டிஸ்க்கை வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவைக்கலாம். என்னுடையது மதுரையில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்து, திறக்கிறதா என்று பார்த்து, அந்த ஆண்டு சேர்ந்தவற்றை ஏற்றிவிட்டு வருகிறேன்.