பூட்டிக் கிடக்கும் கலை கிளப்பைத் திறப்பது எப்படி?

பழைய கிளப்புக்கு உயிர் கொடுக்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் பெயின்ட் வாங்கத்தான் ஓடுகிறார்கள். வேண்டாம், முதலில் ஆபீஸ் ரூம் பீரோவைத் திறங்கள். பதிவுச் சான்றிதழ், பைலா (கிளப்பின் விதிமுறைகள்), உறுப்பினர் பதிவேடு, கட்டடப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைத்த பழைய மினிட் புத்தகங்கள், இவை கைக்கு வந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதே பெயரில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கட்டடமும் ஓவியங்களும் பழைய அமைப்பின் பெயரில் இருக்க, புதியதற்கு அவற்றின் மேல் உரிமை தானாக வந்துவிடாது. அதனால் மிச்சமிருக்கும் உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து, எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ், குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்று பைலாவில் பார்த்து, முறையாகப் பொதுக்குழுவைக் கூட்டிப் புதுக் கமிட்டியைத் தேர்ந்தெடுங்கள். சலிப்பான வேலைதான். குறுக்குவழியில் போனால் கோர்ட்டில் போய் நிற்கும்.

அப்புறம் கட்டடம். கூரை ஒழுகலும் ஒயரிங்கும் முதலில், பாரும் அலங்கார விளக்கும் கடைசியில். சுவரில் தொங்கும் படங்களை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து எண் போடுங்கள், ஏனென்றால் பின்பக்கத்தில்தான் ஓவியர் பெயர், இரவல் கொடுத்தவர் சீட்டு எல்லாம் ஒட்டியிருக்கும், சில படங்கள் கிளப்புக்குச் சொந்தமே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

சரி, இதையெல்லாம் விட முக்கியம், யாரைச் சேர்ப்பது என்பது. என்னைக் கேட்டால், இந்த மாதிரி கிளப்புகள் பணம் தீர்ந்து சாவதை விட, கலைஞர்கள் கழன்றுகொண்டு சீட்டாட்ட மேஜை மட்டும் மிஞ்சி, அப்படித்தான் சாகின்றன. சந்தா ஏறினால் முதலில் நின்றுவிடுகிறவர் ஓவியர், வக்கீல் இல்லை. 1898இல் தொடங்கிய நியூயார்க் நேஷனல் ஆர்ட்ஸ் கிளப், காசுக்குப் பதிலாக ஒரு படைப்பை வாங்கிக்கொண்டு கலைஞர்களை ஆயுள் உறுப்பினராக்கியது, பெண்களையும் ஆரம்பத்திலேயே சேர்த்தது. லண்டன் செல்சி ஆர்ட்ஸ் கிளப் 1891இல் தொடங்கியும் பெண்களுக்கு 1966 வரை கதவைத் திறக்கவில்லை. நீங்கள் முதலாவதைப் பின்பற்றுங்கள்: கலைஞருக்கு ஒரு சந்தா, மற்றவர்களுக்கு ஒன்று, கமிட்டியில் பாதி இடமாவது கலைஞர்களுக்கு என்று பைலாவிலேயே எழுதிவிடுங்கள்.

திறப்பு விழாவில் பணத்தைக் கொட்டாமல், வாரம் ஒரு மாலை, மாடலை வைத்து ஓவியப் பயிற்சியோ அரைகுறைக் கதைகளை வாசித்துக் காட்டுவதோ, ஏதாவது நடக்கட்டும். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள், கிழமையை மட்டும் மாற்றாதீர்கள்.