சார்ஜர் குத்தினால் சிஎன்சி நின்றுவிடுகிறதா?

உப்புவெளி வீட்டில் வைத்திருக்கும், கணினி சொல்கிறபடி பலகை வெட்டும் சின்ன சிஎன்சி மெஷினுக்கென்று பழைய லப்டொப் ஒன்று வாங்கினேன். மெஷினை ஓட்டுவது ஆர்டுயினோ என்ற சின்ன கொன்ட்ரோல் போர்ட், அதில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். தேக்குப் பலகை பாதி வெட்டுப்படும்போது யூஎஸ்பி இணைப்பு அறுந்துவிடும், பலகையும் வீண். ஆர்டுயினோவின் யூஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவரை மாற்றினேன், விண்டோஸில் சும்மா இருக்கும் யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தினேன், கட்டைக் கேபிள் போட்டேன். சரிவரவில்லை.

சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டினால் மட்டும் இணைப்பு அறுவதேயில்லை. சார்ஜரைக் குத்திவிட்டு ஸ்பின்டிலை (வெட்டும் அலகைச் சுழற்றும் மோட்டர்) போட்டதும் லப்டொப்பில் ஆர்டுயினோவின் கொம் போர்ட் காணாமல் போகும். மோட்டரின் மின் இரைச்சல் சார்ஜர், யூஎஸ்பி கிரவுண்ட் வழியே சுற்றி வந்திருக்கிறது.

லப்டொப்புக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவில், தரவை மட்டும் விட்டு மின் தொடர்பைப் பிரிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டேன். அதிலுள்ள குட்டி வேகச் சுவிட்ச் 12 எம்பிபிஎஸ் பக்கம் இருக்கவேண்டும், 1.5இல் இருந்தால் ஆர்டுயினோவே தெரியாது. இப்போது சார்ஜரோடே முழுப் பலகையும் வெட்டுகிறது, பெரிய நிம்மதி. இப்படிச் சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவேண்டி வரலாம் என்பதால், பழைய லப்டொப் பார்ப்பவர்கள் புரொசசரைவிட பற்றரி தாங்குமா என்று முதலில் பாருங்கள்.