ஏலத்தில் எடுத்த பிறகு மனசு மாறினால்

பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். குறை பொருளில் இருக்கிறதா, இல்லை என் மனசுதான் மாறிவிட்டதா? இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இணைய ஏலச் சண்டைகள் பெரும்பாலும் ஆரம்பிக்கின்றன.

நான் மதுரை சிம்மக்கல் பக்கம் பழைய இசைத்தட்டுகள் விற்கிறேன். அப்பா மைக்செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் பொங்கல் என்று குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட தட்டுகள் வீடு கொள்ளாமல் கிடந்தன. அங்கே தொடங்கிய வியாபாரம் இது. இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விடுகிறேன், வெளிநாட்டுத் தளங்களில் நானும் ஏலம் கேட்கிறேன்.

முதலில் மனசு மாறுகிற சங்கதி. எம்.எஸ். அம்மாவும் டி.எம்.எஸ்.ஸும் இந்த ஊரில் பிறந்தவர்கள். அவர்கள் தட்டு ஏலத்துக்கு வந்தால் மதுரைக்காரர்களுக்குள்ளேயே போட்டி சூடுபிடித்துவிடும். அறுநூறு ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று உட்கார்ந்தவர், கடைசி இரண்டு நிமிஷத்தில் ஆயிரத்து நானூறில் நிற்பார். காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிசையும். இது யாருக்கும் வரும். இதற்கு விற்றவர் பொறுப்பில்லை.

ஏலம் முடியாத வரைக்கும் வழி இருக்கிறது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடிக்கும்வரை ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம் என்றுதான் 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவும் சொல்கிறது. ஆனால் தளங்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. ஈபே என்கிற வெளிநாட்டு ஏலத் தளத்தில் தொகையைத் தப்பாக அடித்துவிட்டாலோ, விற்பவர் பொருளின் விவரத்தைப் பெரிதாக மாற்றிவிட்டாலோ வாபஸ் வாங்கலாம். மனசு மாறிவிட்டது என்பதைக் காரணமாக ஏற்கமாட்டார்கள். கடைசி 12 மணி நேரத்தில் கேட்டிருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாபஸ் வாங்கியாக வேண்டும். எந்தத் தளமானாலும் அதன் வாபஸ் விதிகள் இருக்கிற பக்கத்தைப் படித்துவிட்டு ஏலத்தில் இறங்குங்கள்.

மூணு தரம் சொல்லி முடிந்த பிறகு உங்களுக்கு உரிமை இல்லை, கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதைக் கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், முடிந்தால் அன்றைக்கு ராத்திரியே கேளுங்கள். எனக்கு வந்ததிலேயே நல்ல செய்தி இது: “அக்கா, வணக்கம். வேகத்தில் கூடுதலாகக் கேட்டுவிட்டேன். தட்டில் ஒரு குறையும் இல்லை, தப்பு என் பேரில்தான். அடுத்துக் கேட்டவருக்குக் கொடுக்க முடியுமா? விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தை நான் தருகிறேன். முடியாது என்றால் சொல்லுங்கள், நாளைக்கே பணம் அனுப்பிவிடுகிறேன்.” இப்படிக் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அடுத்தவர் அவர் கேட்ட விலைக்கே எடுத்துக்கொண்டார், வித்தியாசத்தை நான் வாங்கவில்லை. ஆனால் வாங்கியிருந்தாலும் அது நியாயம்தான்.

முடியாது என்று விற்றவர் சொல்லிவிட்டால் பணத்தைக் கட்டுங்கள். தட்டு கைக்கு வந்த பிறகு உங்கள் பேரிலேயே மறுபடி ஏலம் விடலாம். ஃபோனை எடுக்காமல் இருப்பது, குழுவை விட்டு வெளியேறுவது, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று இல்லாததைச் சொல்வது, இதெல்லாம் வேண்டாம். எல்லாவற்றையும் விட மோசமானது, நல்ல பொருளில் குறை கண்டுபிடிப்பது. அப்படிச் செய்பவர்களால்தான் நிஜமாகவே குறையோடு வருகிறவர்களையும் விற்பவர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும்.

சரி, பொருளிலேயே குறை என்றால்? அப்போது நீங்கள் தயங்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் வந்தன. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று தளத்தில் விற்பவர் சொல்லக்கூடாது என்று அவற்றில் இருக்கிறது. ஈபேயில் பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்காக 29-வது நாள் வரை காத்திருக்காதீர்கள். வந்த இரண்டு நாளுக்குள் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டில் தொடங்கித் தட்டு வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும். அப்புறம் தட்டை ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கீறலும் மயிரிழை விரிசலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அதையும் படம் எடுங்கள்.

புகார் எழுதுவதற்கு முன்னால் உங்கள் கருவியையும் ஒரு தடவை பாருங்கள். திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி, 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஒரே இரைச்சல், பணம் வேண்டும் என்று ஃபோன் செய்தார். என்ன ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். நிமிஷத்துக்கு 33 சுற்று ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசி. 78 தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது, அதற்கு எல்.பி. ஊசியைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். மெல்லிய முனை பள்ளத்தின் அடியில் போய் அழுக்கை உரசிக்கொண்டு ஓடும், இரைச்சல்தான் கேட்கும். அவர் ஊசியை மாற்றினார், பாட்டுத் தெளிவாகக் கேட்டது. 45 தட்டை 33 சுற்று வேகத்தில் ஓட்டிவிட்டு டி.எம்.எஸ். குரல் இழுக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதே சமயம் ஊசி தாண்டினாலோ, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாலோ, விளம்பரத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அது விற்றவர் பொறுப்பு.

திருப்பித் தரப்போகும் தட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். 78 தட்டுகளில் பெரும்பாலானவை அரக்குக் கலவை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரையும், தட்டு பாழ். அதற்கு மேல் எந்த விற்பவரும் திரும்ப வாங்கமாட்டார்.

செய்தியில் குற்றம் சாட்ட வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள். “ஏமாற்றிவிட்டீர்கள்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். “அண்ணே, இரண்டாவது பக்கத்தில் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன், என்ன செய்யலாம் சொல்லுங்கள்” என்றால் வழி பிறக்கும். சின்னக் குறை என்றால் தட்டை வைத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் தபால் செலவு மிச்சம். குறை விற்றவருடையது என்றால் போகவர இரண்டு தபால் செலவும் அவருடையது. மனசு மாறியது என்றால் இரண்டும் உங்களுடையது. இதில் வழக்காட ஒன்றுமில்லை.

திருப்பி அனுப்பும்போது வந்ததைவிட நன்றாகக் கட்டுங்கள். தட்டைவிடப் பெரிய தடித்த அட்டை இரண்டு, நடுவில் தட்டு, ஓரம் வெளியே துருத்தக்கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் எல்.பி. தட்டு வளைந்துபோகும். அந்த நாட்களில் அனுப்புவதைத் தள்ளிப்போட முடியுமா என்று விற்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்ப எடுப்பீர்களா, எத்தனை நாளுக்குள் என்பதை ஏலத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். தட்டு திரும்பி வந்த அன்றே பணத்தைப் போடுங்கள். அடுத்த ஏலத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று இழுத்தடிப்பது வாங்கியவர் பணத்தில் நாம் வியாபாரம் செய்வது மாதிரி.

பணம் திரும்பி வரும்போது கவனமாக இருங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. “பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். விற்றவர் பதிலே சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் சரியாக வந்துவிட்டால் “வந்துவிட்டது, நன்றி” என்று ஒரு வரி போடுங்கள், குழுவில் முன்பு புகார் எழுதியிருந்தால் அதன் கீழேயே போடுங்கள்.