வீட்டுக்குக் கருவி வாங்குவதா, ஜிம்மில் சேர்வதா? முடிவெடுக்கும் முறை

வீட்டுக்கு உடற்பயிற்சிக் கருவி வாங்குவதா, ஜிம்மில் சேர்வதா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு ட்ரெட்மில்லின் விலையையும் ஜிம்மின் ஓராண்டுச் சந்தாவையும் அருகருகே வைத்துப் பார்த்து, கருவி பல ஆண்டுகள் உழைக்கும், சந்தாவோ ஆண்டு முடிந்ததும் தீர்ந்துவிடும் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் கருவியில் ஏறி நடக்கப்போகும் நாட்கள் எத்தனை என்று தெரியாதவரை இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. ஆகவே விலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, உடலுக்கு எந்தப் பயிற்சி தேவை, இதுவரை அதைச் செய்யவிடாமல் தடுத்தது எது என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எந்தப் பயிற்சிக்குக் கருவி வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்புள்ள பயிற்சியையோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சியையோ செய்ய வேண்டும் என்கிறது. அத்துடன், உடலின் முக்கியமான தசைத் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் வலுப்பயிற்சியும் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு, கீழே விழாமல் உடலைக் காக்கும் சமநிலைப் பயிற்சிகளும் வாரத்தில் 3 நாட்களாவது சேர வேண்டும்.

முதற்பகுதியை நிறைவேற்ற வேக நடையே போதும். நடக்கப் பாதுகாப்பான பாதையும் அதற்கு ஒரு பொழுதும் கிடைக்கிறவருக்குக் கருவியும் வேண்டியதில்லை, சந்தாவும் வேண்டியதில்லை. ஆனால் செலவு செய்கிறவர்களில் பலர் இந்தப் பகுதிக்கே முழுத் தொகையையும் செலவிட்டுவிட்டு, வலுப்பயிற்சியை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. வயது ஏற ஏறத் தசை குறைந்துகொண்டே போகிறது. அதைத் தாமதப்படுத்துவது வலுப்பயிற்சிதான். பணம் அளவாகவே இருக்கிறது என்றால், அதை முதலில் இந்த இரண்டாம் பகுதிக்கு ஒதுக்குவதே சரி. வெளியே நடக்கவே வழியில்லாத சூழலில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும்.

வலுப்பயிற்சியின் அடிப்படை, தசை தாங்கும் சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவது. தண்டால், பஸ்கி போன்றவற்றில் உடல் எடையே சுமையாக இருப்பதால் தொடக்கத்தில் அவை நன்றாகவே பயன்படும்; சில மாதங்களில் உடல் அதற்குப் பழகிவிடும், பிறகு கூடுதல் சுமை வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. குறைந்த எடையைக்கூட, இனி ஒரு முறையும் தூக்க முடியாது என்ற நிலைக்கு அருகில் வரும்வரை தூக்கினால், தசையின் பருமன் அதிக எடையால் வளர்வதற்கு ஏறக்குறைய இணையாக வளர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே ஆய்வுகள், ஒரே முறையில் தூக்கக்கூடிய உச்ச எடையைக் கூட்ட வேண்டுமானால் அதிக எடையில் பயில்வதே மேல் என்றும் காட்டுகின்றன. எனவே ஆரோக்கியத்துக்காகப் பயில்கிறவர், எடையை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்லையும் சில ரப்பர் பட்டைகளையும் கொண்டு வீட்டிலேயே நெடுங்காலம் முன்னேறலாம். பார்பெல்லில் பெரிய எடைகளைத் தூக்க விரும்புகிறவருக்கு ஜிம் ஏறக்குறையக் கட்டாயம்.

வீட்டுப் பயிற்சியில் பலர் கவனிக்காத குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். தள்ளும் பயிற்சிகளைத் தரையில் எங்கும் செய்துவிடலாம். எதையாவது பிடித்து இழுக்கும் பயிற்சிகளுக்கு, அதாவது முதுகுக்கும் முன்கைகளுக்கும் வேலை தருபவற்றுக்கு, வீட்டில் இயல்பாக எதுவும் இருப்பதில்லை. இதை ஈடுசெய்யக் கதவு நிலையில் பொருத்தும் புல்-அப் கம்பியோ, உறுதியான பிடிமானத்தில் கட்டிய ரப்பர் பட்டையோ வேண்டும். கருவிப் பட்டியல் போடும்போது இதை மறந்துவிட்டால், பயிற்சி உடலின் ஒரு பக்கத்துக்கே போய்ச் சேரும்.

இதுவரை தடுத்தது எது

முடிவின் பெரும்பகுதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதற்கு நேர்மையாக விடை சொல்லிக்கொள்வதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டாலும் தகும்.

நேரமில்லாமை தடையாக இருந்தால், அது எந்த வகை நேரமில்லாமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கான முக்கால் மணி நேரம் உண்டு, போய்வரும் நேரம்தான் இல்லை என்பவருக்கு வீடு பொருந்தும். கைக்குழந்தையையோ, நோயுற்ற பெரியவரையோ கவனித்துக்கொள்கிறவருக்கும், வேலை நேரம் நாளுக்கு நாள் மாறுகிறவருக்கும் இது பொருந்தும். அவர்களுக்குக் கிடைப்பது அங்கொன்றும் இங்கொன்றுமான கால் மணி நேரங்கள், அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டில்தான் முடியும். ஆனால் வீட்டில் இருக்கும்போது ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் யாராவது அழைக்கிறார்கள், அடுப்பும் கைபேசியும் இழுக்கின்றன என்பதால் நேரம் கிடைக்கவில்லை என்றால், வீட்டுக்குக் கருவி வந்தாலும் அந்த அழைப்புகள் நிற்கப்போவதில்லை. அப்படிப்பட்டவருக்கு வாசலைத் தாண்டி வெளியே போவதே பாதிப் பயன். அவர் ஜிம்மையே நாட வேண்டும்.

கூச்சம் தடையாக இருப்பதும் உண்டு. பருத்த உடலோடு, அல்லது எதுவும் தெரியாத புதியவராக, பிறர் பார்க்கப் பயில்வதற்குத் தயங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களை "போகப் போகச் சரியாகிவிடும்" என்று வற்புறுத்தி அனுப்புவதைவிட, அடிப்படை அசைவுகளை இரண்டு மூன்று மாதங்கள் வீட்டில் பழகவிட்டு, பிறகு விருப்பமிருந்தால் ஜிம்முக்குப் போகச் சொல்வது அன்பான வழி என்று கருதுகிறேன்.

எதை எப்படிச் செய்வது என்று தெரியாததால் தொடங்காமல் இருக்கிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான வழி ஏற்றது. காணொளியைப் பார்த்து அசைவைக் கற்கலாம். முதுகு வளைவதையும் முட்டி உள்நோக்கிச் சாய்வதையும் அந்தக் காணொளி கண்டு திருத்தாது. நல்ல பயிற்றுநர் உள்ள ஜிம்மில் சில மாதங்கள் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டில் தொடர்வது இவர்களுக்கு நல்லது. தனியாக இருக்கும்போது எதையும் முடிக்காமல் விட்டுவிடும் இயல்புள்ளவர்களுக்கும், குறித்த நேரத்தில் நடக்கும் குழு வகுப்பும் அங்கே காத்திருக்கும் நண்பரும் வேறு எதையும்விட உதவியாக இருப்பார்கள்.

எண்ணிக்கைக் கணக்கு

நாம் எத்தனை முறை பயில்வோம் என்று நாமே சொல்வதை நம்பலாமா என்பதற்குப் பெயர்பெற்ற ஓர் ஆய்வு விடை தருகிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள், அமெரிக்காவில் 3 ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாதச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4 முறையை ஒட்டியே வந்திருந்தார்கள். வருகைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகச் செலுத்தியிருந்தால் அவர்களுக்குச் செலவு குறைந்திருக்கும். வருங்காலத்தில் தாம் காட்டப்போகும் ஊக்கத்தை மிகையாக மதிப்பிட்டதே இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வீட்டுக் கருவிகளுக்கு வருகைப் பதிவேடு இல்லாததால் இத்தகைய கணக்கு வெளியே தெரிவதில்லை; மிகை மதிப்பீடு அங்கேயும் அதே மனித மனத்திலிருந்துதான் வருகிறது.

எனவே வாரத்துக்கு 3 முறை பயில்வேன் என்று நினைக்கிறவர், ஆண்டுக்கு 156 என்று எண்ணாமல் அதில் பாதியை, அதாவது 78-ஐ எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. சந்தா, சேர்க்கைக் கட்டணம், போய்வரும் செலவு ஆகியவற்றைக் கூட்டி 78-ஆல் வகுத்தால் ஜிம்மில் ஒரு முறை பயிலும் செலவு கிடைக்கும். கருவிக்கு, வாங்கும் விலையோடு தரை விரிப்பையும் பழுதுபார்க்கும் செலவையும் கூட்டி, எதிர்பார்க்கும் மறுவிற்பனை விலையைக் கழித்து, எத்தனை ஆண்டுகள் பயன்படுத்துவோமோ அத்தனை ஆண்டுகளின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவதும் அதே கருவியில் தவறாமல் பயில்வார்கள் என்றால் அவர்களுடைய எண்ணிக்கையும் சேரும். இந்த ஒன்று மட்டுமே பல குடும்பங்களில் தராசைக் கருவியின் பக்கம் சாய்த்துவிடும். இரும்பு எடைகள் தேய்வதில்லை என்பதால் பழையவையும் நல்ல விலைக்குப் போகும். மோட்டாரும் திரையும் உள்ள கருவிகள் மதிப்பை விரைவில் இழக்கும்.

பணம் செலுத்துமுன் ஒரு வெள்ளோட்டம்

எந்தப் பெரிய செலவுக்கும் முன்பாக, ஆறு வாரங்கள் சோதித்துப் பாருங்கள். முதல் மூன்று வாரங்கள் எதுவும் வாங்காமல், ஒரு விரிப்பை மட்டும் போட்டு, வாரம் மூன்று முறை வீட்டில் உடல் எடைப் பயிற்சிகளைச் செய்யுங்கள். அடுத்த மூன்று வாரங்கள் ஒரு மாதச் சந்தாவோ, நாள் கட்டணமோ செலுத்தி ஜிம்முக்குப் போங்கள். செய்த நாட்களையும், தவறிய நாட்களில் தவறியதற்கான காரணத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இந்தச் சோதனையால் பழக்கம் வேரூன்றிவிடும் என்று எண்ண வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுமதிப்பாக 66 நாட்களும், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரையும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆறு வாரங்கள் சொல்லக்கூடியது, எந்த இடத்தில் உங்களுக்குக் குறைவான தடைகள் எழுகின்றன என்பதை மட்டும். முடிவெடுக்க அதுவே போதும்.

ஜிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் போகவிருக்கும் அதே நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நண்பகலில் காலியாக இருக்கும் கூடத்தில் மாலையில் ஒவ்வொரு கருவிக்கும் இருவர் காத்திருக்கக்கூடும். பழுதான கருவிகள் நீண்டநாள் அப்படியே கிடக்கின்றனவா, காற்றோட்டமும் உடைமாற்றும் அறையின் தூய்மையும் எப்படி, தவறாகப் பயில்கிறவரைப் பயிற்றுநர் அருகில் வந்து திருத்துகிறாரா என்று கவனியுங்கள். தனிப்பட்ட பயிற்றுநருக்கான கட்டணம் சந்தாவில் அடங்கியதா என்று கேளுங்கள்; பெரும்பாலும் அடங்காது. நோயோ பயணமோ வந்தால் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, விலக எத்தனை நாட்களுக்கு முன் எழுதித்தர வேண்டும், காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுப்பார்களா என்பதையெல்லாம் வாய்ச்சொல்லாக ஏற்காமல் ஒப்பந்தத்தில் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், முதல் முறையே ஆண்டுச் சந்தா எடுக்க வேண்டாம். தொலைவில் உள்ள சிறந்த கூடத்தைவிட, வேலைக்குப் போகும் வழியிலேயே உள்ள சுமாரான கூடம் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

வீட்டுக்கு வாங்கும் வரிசையும் இடமும்

வீடு என்று முடிவானால் விரிப்பு, ரப்பர் பட்டைகள், எடை மாற்றும் டம்பெல்கள், புல்-அப் கம்பி, சாய்வை மாற்றக்கூடிய பெஞ்சு என்ற வரிசையில், ஒன்றை முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே அடுத்ததை வாங்குங்கள். ரப்பர் பட்டைகளில் வெடிப்பு தோன்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்; இழுத்த நிலையில் அறுந்தால் முகத்தில் அடிக்கும். முழு அளவு பார்பெல்லின் கம்பி மட்டுமே 20 கிலோ எடையும் ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளமும் உள்ளது. மார்பின் மேல் பார்பெல்லைத் தூக்கும் பயிற்சியை, எடையைத் தாங்கும் பாதுகாப்புக் கம்பிகள் இல்லாமல் தனியாக ஒருபோதும் செய்யக்கூடாது.

ட்ரெட்மில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், கருவியின் அளவை மட்டும் வைத்து இடத்தை அளக்காதீர்கள். கால் தவறினால் பட்டை ஆளைப் பின்னால் தள்ளிவிடும் என்பதால், பின்புறம் 2 மீட்டரும் இருபுறமும் அரை மீட்டரும் காலியாக இருக்க வேண்டும்; சுவருக்கு முதுகு காட்டி வைக்கவே கூடாது. மேடையின் உயரத்தையும் ஓடும்போது உடல் எழும்புவதையும் சேர்த்துக் கூரையின் உயரத்தைப் பாருங்கள். மோட்டாரின் திறனை விசாரிக்கும்போது உச்சத் திறனைச் சொல்வார்கள்; தொடர்ந்து இயங்கும் திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். ஓடுவதற்கு 140 முதல் 150 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை வேண்டும், நடப்பதற்குச் சற்றுக் குறைந்தாலும் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில், பயிற்சி முடிந்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம். ஓடும் பட்டையில் சிக்கிய சிறு கைகளுக்குக் கடுமையான தோல்காயம் ஏற்படும். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும், மிதிப்பதன் கடினத்தைக் காந்த விசையால் கூட்டிக் குறைக்கும் நிலைச் சைக்கிள் ஓசையிலும் அதிர்விலும் எவ்வளவோ மேல்.

இதய நோய் உள்ளவர்கள், உழைக்கும்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வருகிறவர்கள், கருவுற்றிருப்பவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் எந்த இடத்தில் பயில்வதாக இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவர்கள் முதல் சில மாதங்களாவது ஆள் அருகில் இருக்கும் இடத்தில் பயில்வது நல்லது.

சந்தா முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, கடைசி மூன்று மாத வருகைப் பதிவை ஜிம்மிடம் கேட்டு வாங்கி, மேலே சொன்ன வகுத்தல் கணக்கை உண்மையான எண்ணிக்கையோடு மீண்டும் போட்டுப் பாருங்கள். வீட்டில் வாங்கிய கருவியை மூன்று மாதங்களாக யாரும் தொடவில்லை என்றால், நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிட்டு, அந்தத் தொகையை ஜிம்மில் ஒரு மாதச் சந்தாவுக்குப் பயன்படுத்துங்கள்.