எண்ணைத் தூக்கிப் போடுவதற்கு முன்

குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளம் தம்பதியின் கடைக்குச் சென்ற மாதம் பில் போடும் மென்பொருளை நிறுவித் தரப் போயிருந்தேன். "கடைக்குத் தனியா ஒரு சிம் வாங்கியிருக்கோம் சார். சிக்னல் சரியில்லைன்னா சீசன் முடிஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குவோம்" என்று அந்தத் தம்பி சொன்னபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய பேச்சையே கேட்பது போலிருந்தது. அந்த எண்ணைத்தான் அவர்கள் பெயர்ப்பலகையில் எழுதி, கூகுள் வரைபடத்தில் ஏற்றி, வங்கிக் கணக்கிலும் இணைத்திருந்தார்கள்.

கோத்தகிரியில் கணினி பழுது பார்ப்பதும், கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருவதும் என் தொழில். ஓடிபி-யைப் பிறரிடம் சொல்லாதீர்கள், பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள் என்பவற்றை வங்கிகளே நாள்தோறும் குறுஞ்செய்தியாக அனுப்பிக்கொண்டிருப்பதால், அவற்றை நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை. என் தொழிலில் அடிக்கடி பார்க்கும், பலரும் கவனிக்காத சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கைபேசி எண்ணைக் கைவிடுதல்

மலையில் இந்தத் தவறு மிக எளிதாக நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் சிக்னல் சரிவின் ஒரு பக்கத்தில் நன்றாகக் கிடைக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் இருக்காது. அதனால் வீடு மாறுகிறவர்கள் சிம்மையும் மாற்றிவிடுகிறார்கள். மே மாதக் கூட்டத்துக்காக ஓர் எண் வாங்கி, அதன் பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடும் கடைகளும் இங்கே நிறைய உண்டு. நானும் அப்படி ஓர் எண்ணை விட்டேன். எட்டு மாதம் கழித்து, பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோய்த் திறக்க முயன்றபோது, எனக்கு வரவேண்டிய ஓடிபி யாரோ ஒருவருடைய கைபேசிக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதராக இருந்ததால் எனக்கு அந்த மின்னஞ்சல் மட்டுமே போயிற்று.

கோத்தகிரிக்கு அருகே மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஓர் அக்காவுக்கு அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. ஒரு மே மாத இரவு, பனிமூட்டத்துக்குள் கார் ஒன்று வந்து நின்றிருக்கிறது. பெட்டிகளோடு இறங்கிய குடும்பத்தினர் மலைக்கு வருவதற்காக எடுத்த இ-பாஸையும் முன்பணம் செலுத்திய யுபிஐ திரையையும் காட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு அந்தப் பணமும் வரவில்லை, அப்படி ஒரு முன்பதிவும் தெரியாது. மறுநாள் இன்னொரு குடும்பம் வந்த பிறகுதான் என்னை அழைத்தார். கூகுள் வரைபடத்தில் அவருடைய விடுதியின் படங்கள், விருந்தினர் எழுதிய பாராட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. தொலைபேசி எண் மட்டும் வேறாக இருந்தது. அவருடைய சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, அந்தப் பக்கத்தை நிர்வகிக்கும் மின்னஞ்சலுக்குள் நுழைய முயன்றேன். 41 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்புவதாகத் திரை சொன்னது.

"இது யார் நம்பர் அக்கா?"

"அது பழசு தம்பி. அதை விட்டு ஒரு வருசம் ஆச்சே!"

அவர் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு விற்றுவிட்டது. வாங்கியவரோ அவரைச் சேர்ந்த யாரோ, அந்த எண்ணுக்கு வந்துகொண்டிருந்த முன்பதிவு அழைப்புகளிலிருந்து விவரத்தை ஊகித்து, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தி, தம் கைபேசிக்கு வந்த ஓடிபி-யைக் கொண்டே உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பூட்டை உடைக்கும் வேலையே அவருக்கு இருக்கவில்லை. பக்கத்தை மீட்டெடுக்க எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் சீசன் முடிந்துவிட்டது.

துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறருக்கு வழங்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 90 நாட்களுக்குப் பிறகு அந்த எண் உங்களுடையது அல்ல. ஆனால் உங்கள் வங்கி, மின்னஞ்சல், எரிவாயு முகவர் எவருக்கும் அது தெரியாது. இது ஏதோ ஒரு மலையூரின் தனித் துயரமும் அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மறுவிற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த 259 எண்களைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 171 எண்கள் பிரபலமான இணையதளங்களில் முந்தைய உரிமையாளர்களின் கணக்குகளோடு இன்னும் இணைந்தே இருந்தன.

எனக்கு எரிச்சலூட்டுவது என்னவென்றால், சிக்னலுக்காக எண்ணை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை அடையாளச் சான்றோடு புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள், மூன்று வேலை நாட்களில் மாறிவிடும். எண் வாங்கி 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. ஆனால் சிம் விற்கும் கடையில் போய்க் கேட்டால், "போர்ட் எல்லாம் லேட் ஆகுங்க, புதுசே எடுத்துக்குங்க, ஆஃபர் இருக்கு" என்கிறார்கள். அந்த ஆஃபருக்கு அக்கா கொடுத்த விலை ஒரு சீசன்.

எண்ணை விட்டே தீர வேண்டும் என்றால் முதலில் மின்னஞ்சலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற கணக்குகள் பெரும்பாலும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்து வங்கி, ஆதார், ஜிஎஸ்டி. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் எண்ணை மாற்றுவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் புதிய எண்ணில் புதுக் கணக்குத் தொடங்காதீர்கள். பிறகு பழைய சிம்மை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, நான்கு மாதங்கள் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அதில் வந்து விழும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் நீங்கள் மாற்ற மறந்த ஓர் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு மூன்றாவது மாதத்தில், அவரே மறந்துபோயிருந்த ஒரு கூட்டுறவுச் சங்கக் கணக்கிலிருந்து வட்டி வரவு வைத்த செய்தி வந்தது. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதே நினைவில்லையென்றால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

கூகுள் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை அமைத்தால், பத்துக் காப்புக் குறியீடுகளைப் பெறலாம். அவற்றைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். எண் கைவிட்டுப் போனாலும் கணக்கு கையில் இருக்கும்.

காப்புப் பிரதி எடுக்கும் வட்டைச் செருகியே வைத்திருத்தல்

பச்சைத் தேயிலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு முகவரின் கணினியில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சுநிரல் புகுந்தது. இலைக் கணக்கு முழுவதும் போயிற்று. காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அந்த வட்டு (ஹார்ட் டிஸ்க்) இரவும் பகலும் அதே கணினியில் செருகியிருந்ததால் அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போய், திரும்ப வரும்போது எகிறும் மின்னழுத்தமும் இதே வேலையைச் செய்யும். பிரதி எடுத்து முடித்ததும் வட்டைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி

மழையில் மலைப்பாதை அடைபட்டபோது கோவையிலிருக்கும் ஆடிட்டருக்காக நிறுவியதைப் பாதை திறந்ததும் நீக்குங்கள்.

விண்டோஸ் 10

அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. கல்லாவில் இருக்கும் கணினியில் ஓடுவது எந்த விண்டோஸ் என்று பாருங்கள்.

யுபிஐ பின்

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் (PIN) எண் தேவையே இல்லை.

பணம் போன பிறகு யோசித்துக்கொண்டிருத்தல்

வெட்கத்தால் ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இணையவழிப் பண மோசடிக்கான அரசின் உதவி எண்ணான 1930-இல் உடனே சொன்னால், அது எடுக்கப்படுவதற்கு முன் வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறியாவது அழையுங்கள்.