தள்ளிப்போடும் வேலைக்கு ஒரு சிறு தொடக்கம்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் போன்ற வேலைகளை நாம் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. எங்கே தொடங்குவது என்ற மலைப்பும், தவறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சமுமே பெரும்பாலும் நம் கையைக் கட்டிப்போடுகின்றன. ஆகவே, "கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்" என்று பொதுவாகக் குறித்துவைக்காமல், "இன்றிரவு சாப்பிட்டதும் அலுவலகம் தந்த வரிப்பிடித்தச் சான்றிதழைத் தேடி எடுத்து மேசைமீது வைக்க வேண்டும்" என்று, நேரமும் இடமும் விளங்கும்படி ஒரே ஒரு சிறு செயலை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமேல் அன்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்குப் பலமுறை கைகொடுத்தது இந்தச் சலுகைதான். சம்பளதாரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31 என்பதாலும், மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டியவர்கள் அதைத் தவறவிட்டால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்த நேரும் என்பதாலும், ஜூன் இறுதியிலேயே அந்த முதல் செயலை முடித்துவிடுங்கள்.