வால்வு அடிபட்ட பழைய பந்தய என்ஜினில் முதலில் உடைந்தது எது? கண்டறியும் முறை

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுபாதையில் பழைய காரை விரட்டும்போது, மூன்றாம் கியருக்கு இறக்க வேண்டிய இடத்தில் அதற்கும் கீழான கியர் விழுந்துவிட்டால், அந்த நொடியில் சக்கரங்களே என்ஜினைச் சுழற்றத் தொடங்குகின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பயனில்லை. கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) போகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வால்வைத் திரும்ப மூட ஸ்பிரிங்கால் முடியாமல் போகிறது. திறந்தே நிற்கும் வால்வின் மீது மேலேறி வரும் பிஸ்டன் மோதுகிறது. ஓர் உலோக ஓசை, பிறகு இழுவை குறைந்து, சீரான தட்டல்.

பந்தயத்துக்காக மாற்றியமைத்த பிரீமியர் பத்மினியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1089 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே இருக்க, டேப்பட் (கேம் மேல் அமரும் உருளை), புஷ்ராட் (தள்ளுகோல்), ராக்கர் (நெம்புகோல்) வழியாக வால்வு திறக்கும் எளிய அமைப்பு என்பதால், புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது.

முதல் படி: மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்

ஓசை கேட்டதும் என்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். "ஒருக்கா செல்ஃப் அடிச்சுப் பாத்தறலாமுங்க" என்று பக்கத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் இணங்காதீர்கள். வளைந்த ஒரு வால்வோடு முடிந்திருக்க வேண்டிய சேதம், அந்த ஒரு சுற்றில் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுவதால், பிஸ்டன், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), போர் (சிலிண்டரின் உட்சுவர்) மூன்றையும் பாழாக்கிவிடும்.

இரண்டாம் படி: திறக்கும் முன் பார்வை

நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள். மின்முனை நசுங்கி இடைவெளி மூடியிருந்தாலோ, பீங்கான் உடைந்திருந்தாலோ, அந்தச் சிலிண்டருக்குள் உலோகத் துண்டு சுற்றியிருக்கிறது. வெள்ளி நிறத் துகள்கள் ஒட்டியிருந்தால் பிஸ்டனின் அலுமினியம் பெயர்ந்திருக்கலாம். கைப்பேசியில் இணைக்கும் குழாய்க் கேமரா இருந்தால் பிளக் துளை வழியே பிஸ்டனின் தலையைப் பாருங்கள். கரிப் படிவத்தின் நடுவே பிறை வடிவில் பளிச்சென்ற தடம் தெரிந்தால், வால்வு மோதியது உறுதி.

அடுத்து ராக்கர் கவரைக் கழற்றுங்கள். ஆடும் ராக்கர், இடம் மாறிய புஷ்ராட், உடைந்த ஸ்பிரிங், காணாமற்போன வால்வு லாக் (ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிணைக்கும் துண்டு) ஆகியவை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். வளைந்த வால்வு முழுதாக மூடாமல் கைடில் (தண்டு ஏறி இறங்கும் குழாயில்) சிக்கி நிற்பதால் அதன் தண்டு முனை மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும். கேம் அப்போது திறந்து வைத்திராத வால்வுகளின் முனைகளுக்கு மேலே நேர் சட்டம் ஒன்றைப் பிடித்தால் வேறுபாடு புலப்படும்.

மூன்றாம் படி: கையால் சுற்றுதல்

பிளக்குகள் வெளியே இருக்க, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையிலுள்ள போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றும்போதுதான் கேம் ஒரு சுற்று முடிக்கும் என்பதால் ஒரு சுற்றோடு நிறுத்தக் கூடாது. எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ராக்கர்கள் அசையாமல் கிராங்க் மட்டும் சுற்றினால் டைமிங் செயின் போய்விட்டது என்று பொருள். செயின் பற்கள் தாண்டியிருந்தால் டைமிங் குறிகள் ஒத்து வராது. அப்போது சேதம் பல சிலிண்டர்களில் பரவியிருக்கக் கூடும்.

தடையின்றிச் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் எவ்வளவு திறக்கிறது என்பதை டயல் கேஜால் (முள் காட்டும் நுண் அளவியால்) அளந்து, உள்வரும் வால்வுகளைத் தமக்குள்ளும் வெளியேற்றும் வால்வுகளைத் தமக்குள்ளும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் கேம் லோப் (கேமின் மேடு) தேய்ந்திருக்கலாம், அல்லது புஷ்ராட் வளைந்திருக்கலாம். புஷ்ராடைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

நான்காம் படி: காற்றுச் சோதனை

உள்ளே உலோகத் துண்டு இல்லையென்று தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ராக்கர் ஷாஃப்டைக் கழற்றினால் எட்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காது கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் உள்வரும் வால்வு, சைலன்சரில் சீறினால் வெளியேற்றும் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் அல்லது ரிங், ரேடியேட்டரில் குமிழியிட்டால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். காற்றின் அழுத்தம் கிராங்கைச் சுழற்றிவிடும். ஸ்பேனரை எடுத்துவிட்டு, கைகளை ஃபேனிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஹெட்டைக் கழற்றி முறிவைப் படித்தல்

ஆயிலைத் துணியில் வடிகட்டுங்கள். காந்தத்தில் ஒட்டுவது ஸ்பிரிங், லாக், டேப்பட் போன்ற எஃகு. ஒட்டாத வெள்ளித் துகள் பெரும்பாலும் அலுமினியம். என்ஜின் முழுதும் ஆறிய பிறகு, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அலுமினிய ஹெட் அவசரம் பொறுக்காது. டேப்பட்டும் புஷ்ராடும் தத்தம் இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பதால், துளையிட்ட அட்டையில் எண்ணிட்டு நிறுத்துங்கள்.

நோயறிதலின் உயிர்நாடி இனித்தான் இருக்கிறது. உடைந்த துண்டைக் கழுவிவிட்டு, லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடையில் குளம் வற்ற வற்றக் கரையில் படியும் வரிகளைப்போல, ஓரிடத்திலிருந்து கிளம்பி வளைவு வளைவாகப் பரவிய கோடுகள் தெரிந்து, எஞ்சிய பகுதி மட்டும் கரடுமுரடாக இருந்தால், அந்த உலோகம் நெடுநாளாக விரிசல் விட்டுக்கொண்டே வந்து கடைசியில் முறிந்திருக்கிறது. அதுவே முதலில் உடைந்த பாகம். முகம் முழுதும் கரடாக, தண்டும் வளைந்திருந்தால், அது வேறொன்றின் அடியில் ஒரே வீச்சில் முறிந்தது.

வால்வுகள் வளைந்து, ஸ்பிரிங்குகள் முழுதாக இருந்தால் அளவு கடந்த வேகத்தையோ டைமிங்கையோ சந்தேகியுங்கள். ஸ்பிரிங்கில் துருக் குழியிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தால், வண்டி நெடுநாள் ஈரத்தில் சும்மா நின்றதைக் கேட்டறியுங்கள். தண்டில் நீளவாக்கில் கீறல் விழுந்து கைடில் இறுகியிருந்தால் ஆயில் எட்டவில்லை, அல்லது கைடின் இடைவெளி போதவில்லை. உயரத் தூக்கும் பந்தயக் கேம் போட்டிருந்தால், வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இதைப் பார்க்காமலேயே கேம் மாற்றுவது எனக்குப் பொறுக்க முடியாத பழக்கம்.

கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளுக்கு ஹெட்டைக் கொண்டுபோகும்போது, விரிசல் சோதனையும் கைடு அளவும் கேளுங்கள். மட்டம் தட்டச் சொல்லுமுன் யோசியுங்கள்: சீவும் ஒவ்வொரு இழையும் வால்வைப் பிஸ்டனுக்கு நெருக்கமாக்கும். அடிபட்ட சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உயரத்தை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம், அதைக் கழற்றி அளக்காமல் விடக் கூடாது. திரும்பப் பூட்டும்போது பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, இரண்டு சுற்று கையால் சுற்றிக் கழற்றுங்கள். பதிந்த மண்ணின் மிக மெல்லிய இடம் உள்வரும் வால்வுக்கு 2 மில்லிமீட்டரும் வெளியேற்றும் வால்வுக்கு 2.5 மில்லிமீட்டரும் இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு. அதற்குக் குறைந்தால் செல்ஃபைத் தொடாமல் மறுபடி ஹெட்டைக் கழற்றுங்கள்.